யோகாவா, கவுன்சிலிங்கா: பந்தியில் பாதியில் விட்ட பதில்

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரராக ஒரு பெரியவர் வாய்த்தார். பேத்திக்கு டிப்ரஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், வாரம் ஒரு தடவை கவுன்சிலிங் வரச் சொல்கிறார்களாம், ஒவ்வொரு தடவைக்கும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயாம். "அதுக்குப் பதிலா யோகா கிளாஸ்ல சேத்துவிட்டா மாசம் ஆயிரத்தோட முடிஞ்சிடும், என்ன தம்பி சொல்றீங்க?" என்று கேட்டார். அதற்குள் ரசம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததைப் பாதி சொல்லி, மீதியை மோரோடு விழுங்கிவிட்டு எழுந்துவிட்டேன். அந்த மீதிதான் இது.

நான் மருத்துவர் இல்லை. வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் வந்து போனதால் சில வருடங்களாகத் தேடித் தேடிப் படிக்கிறவன், அவ்வளவுதான். அதனால் இதை வைத்துக்கொண்டு யாரும் மருந்தை நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம்.

நம்மூரில் குழப்பம் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. பத்திரிகைகளும் டிவியும் ஸ்ட்ரெஸ்ஸையும் 'மன அழுத்தம்' என்கின்றன, டிப்ரஷனையும் 'மன அழுத்தம்' என்கின்றன. யோகா மையத்தின் பேனரில் 'மன அழுத்தம் நீங்கும்' என்று போட்டிருப்பார்கள். அவர்கள் மனதில் இருப்பது ஆபீஸ் டென்ஷன், பரீட்சைப் படபடப்பு, வீட்டுக்கடன் கவலை. டிப்ரஷன் வந்த பிள்ளையின் அப்பா அதே பேனரைப் படித்தால், நம் பிள்ளைக்கும் இதுதானே என்று எடுத்துக்கொள்வார். இரண்டும் வேறு வேறு. அழுத்தம் என்றால் ஏதோ ஒன்று அழுத்துகிறது, பரீட்சை முடிந்தாலோ கடன் அடைந்தாலோ மூச்சு விட முடியும். டிப்ரஷனில் அழுத்துகிற பொருள் என்று ஒன்று கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம். வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, குழந்தை சிரிக்கிறது, அந்தச் சிரிப்பு மட்டும் உள்ளே வந்து சேரவில்லை. ஆகவே இங்கே மனச்சோர்வு என்ற சொல்லை வைத்துக்கொள்கிறேன். அதுவும் ரெண்டு நாள் நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும் என்பது போலத்தான் ஒலிக்கிறது, வேறு வழியில்லை.

மருத்துவர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மனம் கனத்துக் கிடப்பது, முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவது, இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதோடு தூக்கம் கெடுவது அல்லது எந்நேரமும் தூங்குவது, பசியும் எடையும் மாறுவது, அசதி, அசைவே மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, கவனம் நிற்காதது, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைப்பு. மொத்தம் ஒன்பதில் ஐந்தாவது, இரண்டு வாரத்துக்குக் குறையாமல், ஏறக்குறைய தினமும் இருந்தால் அது மனச்சோர்வு நோய். நம் ஆட்கள் பெரும்பாலும் இதை இந்த வார்த்தைகளில் சொல்ல மாட்டார்கள். "தலை பாரமா இருக்கு டாக்டர், உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, தூக்கம் வரல" என்பார்கள், டாக்டர் சத்து மாத்திரை எழுதுவார், ஒரு வருடம் போய்விடும். தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்கும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். அதைச் செய்துகொள்வது நல்லது.

இந்த ஒன்பது அறிகுறிகளையும் ஒன்பது கேள்விகளாக்கி ஒரு தாள் இருக்கிறது, பிஎச்க்யூ-9 என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. தமிழிலும் உண்டு. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் யாரையாவது பார்த்தாக வேண்டும் என்று பொருள். வீட்டிலேயே நிரப்பிப் பார்க்கலாம், ஆனால் அது தெர்மாமீட்டர் மாதிரி. காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லும், டைபாய்டா மலேரியாவா என்று சொல்லாது. தாளின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

சரி, கவுன்சிலிங் என்றால் என்ன? நம் வீடுகளில் அதற்கு அர்த்தம் அட்வைஸ். அதனால்தான் "அட்வைஸ் பண்ண எனக்கு மாமா, சித்தப்பா எல்லாரும் இருக்காங்க, இதுக்குக் காசு வேறயா" என்ற கேள்வி. நல்ல சிகிச்சையாளர் அட்வைஸை முடிந்தவரை தவிர்ப்பார். பேச்சு சிகிச்சையில் பல வகைகள் இருந்தாலும், மனச்சோர்வுக்கு அதிகமாக ஆராயப்பட்டது சிபிடி, அதாவது சிந்தனையையும் நடத்தையையும் சேர்த்துப் பிடிக்கிற சிகிச்சை. இதைத் தொடங்கியவர் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஆரன் பெக். 2021இல் தம் நூறாவது வயதில்தான் காலமானார். ஆரம்பத்தில் அவர் பிராய்டு வழியில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு என்பது உள்நோக்கித் திரும்பிய கோபம் என்பது அந்த வழியின் நம்பிக்கை. அதை நிரூபிக்கலாம் என்று நோயாளிகளின் கனவுகளை எடுத்து ஆராய்ந்தவருக்குக் கோபம் அகப்படவில்லை. தோற்றுப்போவதும், இழப்பதும், கைவிடப்படுவதுமாகவே கனவுகள் இருந்தன. விழித்திருக்கும்போதும் அவர்கள் தம்மைப் பற்றி அப்படியேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் அந்தப் பேச்சையே எடுத்துச் சோதித்துப் பார்த்தால் என்ன என்று 1960களில் கிளம்பியதுதான் சிபிடி.

எப்படி நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். தோழிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறீர்கள். நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை. மனச்சோர்வில் இருக்கிற மனம் ஒரு நொடியில் முடிவுக்கு வந்துவிடும்: 'நான் அவளுக்குத் தொல்லை. எல்லாருக்குமே தொல்லைதான்.' உடனே போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு, அந்த வாரம் யாரையும் கூப்பிடாமல் இருந்துவிடுவீர்கள். யாரையும் கூப்பிடாததால் யாரும் கூப்பிட மாட்டார்கள், பார்த்தாயா நான் சொன்னது சரி என்று மனம் தலையாட்டும். சிகிச்சையாளர் "அப்படியெல்லாம் நினைக்காதீங்க" என்று சொன்னால் அது அட்வைஸ், ஒரு பலனும் இருக்காது. அவர் அந்த எண்ணத்தை ஒரு தாளில் எழுதச் சொல்வார். இதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம், வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று கேட்பார். பிறகு ஒரு சின்னப் பரிசோதனை கொடுப்பார்: புதன்கிழமை அவளுக்கு நீங்களே போன் செய்து, என்ன நடந்தது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். வாரம் ஒருமுறை முக்கால் மணி, ஒரு மணி நேரம், இப்படி 12 முதல் 20 வாரம். நடுவில் வீட்டுப்பாடம். வீட்டுப்பாடம் செய்யாதவர்களுக்குப் பலன் குறைவு என்பது பள்ளிக்கூடத்தைப் போலத்தான்.

இதன் ஒரு துண்டை மட்டும் தனியாக எடுத்தும் செய்கிறார்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்த துண்டு. எண்ணங்களோடு மல்லுக்கட்டாமல், நாளின் கால அட்டவணையை மட்டும் கையில் எடுப்பது. மனச்சோர்வு வந்தவர் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வருவார்: முதலில் நடைப்பயிற்சி, அப்புறம் நண்பர்கள், அப்புறம் சமையல், கடைசியில் குளியல். விட விட மனதுக்கு உணவு குறைந்துகொண்டே போகும். அதைத் திருப்பிப் போட வேண்டும். மனம் சரியான பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திருக்காமல், எழுந்து ஒரு சின்ன வேலையைச் செய்து, மனம் பின்னால் வருகிறதா என்று பார்ப்பது. சின்ன வேலை என்றால் உண்மையிலேயே சின்னது. பல் துலக்கி, வாசலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, திரும்ப வந்து படுத்துக்கொள்ளலாம். நாளைக்கு ஏழு நிமிடம்.

இதைக் கோவாவில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். டாக்டர் விக்ரம் படேலும் சங்காத் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து, உளவியல் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தார்கள். கிட்டத்தட்ட 500 நோயாளிகள், லேசான கேஸ்கள் இல்லை, பிஎச்க்யூவில் 14க்கு மேல் வாங்கியவர்கள். ஆறு முதல் எட்டு சந்திப்புகள், ஒவ்வொன்றும் அரைமணி, நாற்பது நிமிடம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், இந்தப் பேச்சும் கிடைத்தவர்களில் 100க்கு 64 பேர் 10க்குக் கீழே இறங்கியிருந்தார்கள்; டாக்டரின் வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 பேர். 2017இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. பேச்சு சிகிச்சை ஏசி அறையில் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கானது என்று நினைக்கிற யாருக்கும் நான் முதலில் காட்டுவது இந்த ஆய்வைத்தான்.

இப்போது யோகா. ஆராய்ச்சியில் யோகா என்று சொல்வது நாம் யூடியூபில் பார்க்கிற தலைகீழ் வித்தைகளை இல்லை. ஓரளவு எளிய ஆசனங்கள், மெதுவான மூச்சு, கடைசியில் சவாசனம், சில இடங்களில் தியானம். ஒரு மணி அல்லது ஒன்றரை மணி, வாரம் இரண்டு மூன்று முறை, எட்டு முதல் பன்னிரண்டு வாரம்.

அமெரிக்காவில் பாஸ்டனில் கிறிஸ் ஸ்ட்ரீட்டர் குழு 2017இல் வெளியிட்டது ஒரு நல்ல உதாரணம். மனச்சோர்வு உள்ள 30 பேருக்கு ஐயங்கார் முறை ஆசனங்களும், நிமிடத்துக்கு ஐந்து என்ற கணக்கில் மெதுவான மூச்சும் 12 வாரம். (சும்மா இருக்கும்போது நமக்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டுக்குக் குறையாமல் ஓடும். ஐந்து எவ்வளவு மெதுவென்று ஒரு நிமிடம் முயன்று பாருங்கள்.) பாஸ்டன்காரர்கள் பயன்படுத்திய அந்த முறையின் வேர் நம் பக்கம்தான் இருக்கிறது, பி.கே.எஸ். ஐயங்காரின் குரு, கடைசிக் காலம் வரை சென்னையில் வாழ்ந்து 1989இல் மறைந்த கிருஷ்ணமாச்சாரியார். ஆய்வில் பாதிப் பேருக்கு வாரம் மூன்று வகுப்பு, பாதிப் பேருக்கு இரண்டு. இரண்டு பக்கமும் மனச்சோர்வு நன்றாகக் குறைந்தது, பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் யோகாவே செய்யாத ஒரு குழு அதில் இல்லை. பன்னிரண்டு வாரத்தில் சிலருக்குத் தானாகவே குறையும், வகுப்புக்கு வந்து போவதாலேயே சிலருக்குக் குறையும். அதைப் பிரித்துப் பார்க்க வழியில்லை.

யோகா எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சில ஊகங்கள் இருக்கின்றன. மெதுவான மூச்சு, குறிப்பாக வெளிமூச்சு நீளும்போது, உடலின் பதற்ற மண்டலத்தைத் தணிக்கிறது. மூளையில் அமைதிப்படுத்துகிற காபா என்ற ரசாயனம் யோகா செய்தவர்களிடம் கூடியதாக அதே ஸ்ட்ரீட்டர் 2010இல் ஒரு சின்ன ஆய்வில் காட்டினார், ஒப்பீட்டுக்கு நடைப்பயிற்சிக் குழு இருந்தது. எனக்கு இன்னொரு காரணமும் முக்கியமாகப் படுகிறது. மனச்சோர்வின் பெரிய கொடுமை ஒரே எண்ணத்தை மாடு அசைபோடுவது போல அசைபோட்டுக்கொண்டே இருப்பது. விருட்சாசனத்தில் ஒற்றைக் காலில் நிற்கும்போது அசைபோட முடியாது, போட்டால் விழுந்துவிடுவீர்கள். அந்த அரை நிமிடமாவது மனம் உள்ளங்காலில் இருக்கும்.

நம் நாட்டு ஆய்வு ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் 'நிம்ஹான்ஸே நிரூபித்துவிட்டது' என்று பாதியை மட்டும் சொல்பவர்கள் நிறைய. நிம்ஹான்ஸ் என்பது பெங்களூரில் இருக்கிற மத்திய அரசின் மனநல மருத்துவ, ஆராய்ச்சி நிறுவனம். அங்கே நடந்து 2000இல் வெளியான ஆய்வு அது. ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட, கடுமையான வகை மனச்சோர்வு உள்ள 45 பேரை 15, 15 பேராகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மின்அதிர்வு சிகிச்சை, ஒரு குழுவுக்கு இமிப்ரமின் என்ற பழைய மாத்திரை, ஒரு குழுவுக்கு சுதர்சன கிரியா என்ற மூச்சுப் பயிற்சி. நான்கு வாரத்தில் நோயிலிருந்து மீண்டவர்கள் முறையே 100க்கு 93, 73, 67. மூச்சுப் பயிற்சி மாத்திரைக்குப் பக்கத்தில் வந்தது உண்மையிலேயே ஆச்சரியம். ஆனால் 67 என்பது பதினைந்தில் பத்துப் பேர், அவர்களும் ஆஸ்பத்திரிக்குள் மருத்துவர் கண்பார்வையில் இருந்தவர்கள். பேச்சு சிகிச்சையோடு அதை ஒப்பிடவும் இல்லை.

யோகா ஆய்வுகளில் அடிப்படையான ஒரு சிக்கல் உண்டு. மாத்திரை என்றால் ஒரே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரையைக் கொடுத்துச் சோதிக்கலாம், வாங்குகிறவருக்கு எது எதுவென்று தெரியாது. போலி யோகா எப்படிக் கொடுப்பது? (பேச்சு சிகிச்சைக்கும் இதே சிக்கல்தான், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.) அதனால் யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து முடிவே மாறிவிடும். ஒன்றுமே கொடுக்காமல் காத்திருப்புப் பட்டியலில் வைத்தவர்களோடு ஒப்பிட்டால் யோகா ஜம்மென்று ஜெயிக்கும். அமெரிக்காவில் லிசா யூபெலாக்கர் குழு கொஞ்சம் கடினமான பரீட்சை வைத்தது. ஏற்கெனவே மருந்து சாப்பிட்டும் மனச்சோர்வு முழுதாகப் போகாத 122 பேர். ஒரு குழுவுக்கு ஹட யோகா, இன்னொன்றுக்கு உடல்நலம் பற்றிய வகுப்பு. அதிலும் வாராவாரம் வந்து, நாலு பேரைப் பார்த்து, ஆசிரியரிடம் பேச வேண்டும், ஆசனம் மட்டும் இல்லை. பத்து வாரம் கழித்து இரண்டுக்கும் நடுவே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் ஆறு மாதம்வரை தொடர்ந்து கவனித்தபோது யோகா குழுவின் மனச்சோர்வு குறைவாக இருந்தது. மெதுவாகப் பிடித்தது போலும்.

அளவிலும் வித்தியாசம் இருக்கிறது. மனச்சோர்வுக்கு சிபிடி என்று 2023இல் பிம் கைபர்ஸ் குழு தொகுத்தபோது 409 ஆய்வுகள், 52,000க்கும் மேற்பட்ட நோயாளிகள். யோகாவுக்கு ஹோல்கர் கிராமர் 2013இல் தொகுத்தபோது 12 ஆய்வுகள், 619 பேர். அதற்கப்புறம் யோகா பக்கம் நிறையச் சேர்ந்திருக்கிறது. 2024இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் உடற்பயிற்சியும் மனச்சோர்வும் பற்றி 218 ஆய்வுகளை, 14,170 பேரைச் சேர்த்து வந்த தொகுப்பில் நடை, ஓட்டம், எடைப்பயிற்சி இவற்றோடு யோகாவும் நன்றாகவே வந்தது. அதே தொகுப்பில் சிபிடிக்கு வந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இதைப் பிடித்துக்கொண்டு 'யோகாவும் தெரபியும் ஒன்றே' என்று தலைப்புப் போட்டுவிடலாம். ஆனால் அந்த 218இல் குறை சொல்ல முடியாத தரத்தில் நடந்தது ஒன்றே ஒன்று என்று அந்த ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள்.

யோகாவையும் சிபிடியையும் ஒரே மைதானத்தில் நேருக்கு நேர் இறக்கிய தரமான ஆய்வு ஒன்று உண்டு, ஆனால் அது மனச்சோர்வுக்கு இல்லை, அதன் ஒன்றுவிட்ட தம்பியான பதற்ற நோய்க்கு. நவோமி சைமன் குழு, 2021, 226 பேர். ஒரு குழுவுக்கு சிபிடி, ஒன்றுக்கு குண்டலினி யோகா, ஒன்றுக்கு ஸ்ட்ரெஸ் பற்றிய பாடம். நன்றாகக் குணம் தெரிந்தவர்கள் சிபிடியில் 100க்கு 71, யோகாவில் 54, பாடத்தில் 33. யோகா வேலை செய்தது, ஆனால் சிபிடிக்கு ஈடாகவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது சிபிடிக்காரர்கள் முன்னணியிலேயே இருந்தார்கள். யோகாவுக்கும் பாடத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி நம்பிச் சொல்லும்படி இல்லை. இதை அப்படியே மனச்சோர்வுக்குத் தூக்கிப் போட முடியாது. ஆனாலும் பந்தியில் என்னைக் கேட்ட பெரியவருக்கு 'பதிலா' என்ற சொல்லுக்கு நான் தரக்கூடிய நேரடிப் பதில் இதுதான்: பதிலாக வேண்டாம் ஐயா, கூடவே வேண்டுமானால் சேர்த்துவிடுங்கள்.

எண்களை விட்டுவிட்டு யோசித்தாலும் நான் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறேன். யோகா வகுப்பு ஆறு மணிக்கு என்றால் ஐந்தரைக்கு எழ வேண்டும், குளிக்க வேண்டும், பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும், தெரியாத பத்துப் பேர் நடுவே நிற்க வேண்டும். மனச்சோர்வு முதலில் பிடுங்கிக்கொள்வது இவை அத்தனையையும்தான். கால் உடைந்தவரிடம் 'மாடிக்கு ஏறி வாங்க, மேலே கட்டுப் போடுறோம்' என்று சொல்வது மாதிரி இருக்கிறது. நாலு நாள் போவார், ஐந்தாம் நாள் எழ முடியாது, "இதைக்கூட என்னால ஒழுங்கா செய்ய முடியலையே" என்று குற்ற உணர்வில் இன்னொரு கல் ஏறும். யோகா ஆசிரியருக்கு இது தெரியாது, வராதவரை அவர் வராதவர் என்றுதான் நினைப்பார். நல்ல சிகிச்சையாளருக்கோ 'ஏன் எழ முடியவில்லை' என்பதே அன்றைய பாடம். வராமல் போனால் போன் செய்து விசாரிப்பார், அடுத்த வாரத்து வீட்டுப்பாடத்தை இன்னும் சின்னதாக்குவார்.

எங்கள் வீட்டில் நடந்ததும் இதே வரிசைதான். முதலில் யோகா வகுப்பு, பதினோரு நாள் போயாயிற்று, நின்றது. அப்புறம் டாக்டர், மாத்திரை, பேச்சு. மூன்றாவது மாதத்தில் சிகிச்சையாளரின் வீட்டுப்பாடமாகவே மறுபடி யோகா வந்தது, இந்தத் தடவை மொட்டைமாடியில், பத்தே நிமிடம், ஆறு ஆசனம். அது நிலைத்தது.

ஆனால் குடும்பங்கள் யோகாவைத் தேடி ஓடுவதற்கு நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காசு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், யோகாவுக்குப் போகிறாள் என்று சம்பந்தி வீட்டிலும் சொல்லலாம். 1794இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை இருக்கிற காரணத்தால் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே வசவாக்கி, சினிமாவில் நகைச்சுவை பண்ணி, தலைமுறை தலைமுறையாகச் சிரித்த ஊர் நம்முடையது. அந்த ஊரில் ஒரு பெண்ணின் தாத்தா 'கவுன்சிலிங்' என்ற சொல்லைப் பந்தியில் குரலைத் தாழ்த்திச் சொல்வதில் வியப்பு என்ன இருக்கிறது? 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் மனச்சோர்வு உள்ளவர்களில் 100க்கு 85 பேர் அளவில் சிகிச்சையே பெறவில்லை. யோகா என்ற பெயரிலாவது ஒருத்தி வீட்டை விட்டு வெளியே வந்தால், அது கதவு திறந்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

இரண்டையும் சேர்த்துத் தைத்த ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, பலருக்குத் தெரியாது. எம்பிசிடி என்பார்கள், சிபிடியோடு தியானத்தைச் சேர்த்த எட்டு வாரக் குழு வகுப்பு, அதில் மெல்லிய யோகா அசைவுகளும் உண்டு. இது மனச்சோர்வு வந்து தணிந்தவர்களுக்கு, திரும்ப வராமல் இருக்க. 2000இல் வந்த முதல் பெரிய சோதனையில், மூன்று தடவைக்குக் குறையாமல் மனச்சோர்வு வந்தவர்களில் வழக்கமான கவனிப்பில் இருந்தோருக்கு 100க்கு 66 பேரிடம் நோய் திரும்பியது. இந்த வகுப்புக்குப் போனவர்களில் 37.

நடைமுறைக்கு வருவோம். லேசான மனச்சோர்வு, வேலைக்குப் போக முடிகிறது, சாப்பிட முடிகிறது என்றால் யோகாவில் தொடங்குவதில் தவறில்லை. ஆனால் தொடங்கும் நாளன்று அந்த ஒன்பது கேள்வித் தாளை நிரப்பித் தேதி போட்டு வையுங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி நிரப்புங்கள். எண் இறங்கவில்லை என்றால் 'இன்னும் கொஞ்சம் நாள் பார்க்கலாம்' என்று இழுக்காமல் டாக்டரைப் பாருங்கள். நடுத்தரம் என்றால் பேச்சு சிகிச்சை முதலில், யோகா துணைக்கு. கடுமையானது, சாப்பாடு இறங்கவில்லை, படுக்கையை விட்டு எழவில்லை, காதில் குரல் கேட்கிறது என்றால் இந்த இரண்டில் எது என்ற கேள்விக்கே இடமில்லை. மனநல மருத்துவர், பெரும்பாலும் மருந்தும் சேர்த்து. முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், பேச்சு நிற்காமல், காசைத் தண்ணீராய்ச் செலவழித்து, உற்சாகம் கரைபுரண்ட நாட்கள் இருந்திருந்தால் அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அது இருமுனை நோயாக இருக்கலாம், மருந்தே வேறு. அப்படிப்பட்டவர்கள் வேகமான மூச்சுப் பயிற்சிகளைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். படபடப்பு அதிகம் உள்ள சிலருக்குக் கண்ணை மூடி நீண்ட நேரம் உட்காருவதே பயத்தைக் கிளப்பும்; அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு செய்யலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு பக்கமும் உஷாராக இருக்க வேண்டியிருக்கிறது. கவுன்சிலர் என்ற போர்டுக்குப் பின்னால் பல விதமான தகுதிகள் இருக்கின்றன. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்கும், கேட்கலாம், கேட்டால் கோபப்படுகிறவர் நமக்கு வேண்டாம். யோகா ஆசிரியர் "மாத்திரையை எல்லாம் தூக்கிப் போடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள். முறையாக வேண்டுமென்றால் சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை இருக்கிறது. பேச்சு சிகிச்சைக்குக் காசு இல்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு உட்காரலாம். கூட்டம் இருக்கும், அரைமணி பேச்சு எல்லா நாளும் கிடைக்காது, ஆனால் கதவு திறந்திருக்கும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் எதையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் இந்தியாவில் 14416க்குப் போன் செய்யுங்கள், அது டெலி மானஸ், அரசு நடத்துவது, இலவசம், தமிழில் பேசலாம். இலங்கையில் 1926.

அந்தப் பெரியவரைக் கை கழுவுகிற இடத்தில் மறுபடி பார்த்தேன். பேத்திக்கு எத்தனை வயது என்று கேட்டேன், இருபத்திரண்டு என்றார். யோகா அவளுக்குப் பிடிக்குமா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவளைக் கேக்கவே இல்லையே தம்பி" என்றார்.